கிளவுட்ஸ்டாக்கிடம் சர்வர்களை ஒப்படைக்கும் முன்

சொந்தமாகச் சில சர்வர்களை வைத்திருக்கும் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் நான் கணினி நிர்வாகி. அந்த வேலைக்கு அங்கே இருப்பவன் நான் ஒருவன்தான். நிரலாளர்களுக்கும் சோதனையாளர்களுக்கும் தேவைப்படும் மெய்நிகர் இயந்திரங்களை, அதாவது எல்லோரும் சொல்லும் வி.எம்.களை, ஒரு வணிக மென்பொருளின் துணையோடு பல ஆண்டுகளாக நானே உருவாக்கிக் கொடுத்து வந்தேன். அதன் உரிமத்தை ஒருமுறை வாங்கினால் போதும் என்ற நிலை மாறி, அது ஆண்டுச் சந்தாவாக ஆனது. புதுப்பிப்பதற்கான விலைப்பட்டியலைப் பார்த்த எங்கள் இயக்குநர், திறமூல மாற்று எதுவும் இல்லையா என்று கேட்டார். இருக்கிறது என்று சொன்னேன். அதன் பிறகு எத்தனையோ சனி, ஞாயிறுகள் சர்வர் அறையிலேயே கழிந்தன; பவர் சப்ளை, நெட்வொர்க் கார்டு, ஐபி முகவரி என்று சுமார் எழுபதாயிரம் ரூபாய் செலவாயிற்று. யாராவது முன்கூட்டியே சில விவரங்களைச் சொல்லியிருந்தால் அதில் பாதிக்கு மேல் மிச்சமாகியிருக்கும். அந்த விவரங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பல சர்வர்களை ஒன்றாகச் சேர்த்து அவற்றில் வி.எம்.களை நிர்வகிக்கும் திறமூல மென்பொருள்களான ஓப்பன்ஸ்டாக், அப்பாச்சி கிளவுட்ஸ்டாக் என்ற இரண்டையும்தான் முதலில் பரிசீலித்தேன். இரண்டுமே 2010-ஆம் ஆண்டில் பொதுவெளிக்கு வந்தவை. நாசாவும் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய ஓப்பன்ஸ்டாக்கில், வி.எம்.களை இயக்க நோவா, பிணையத்துக்கு நியூட்ரான், வட்டுகளுக்குச் சிண்டர், பயனர் அடையாளத்துக்குக் கீஸ்டோன் என்று ஒவ்வொரு வேலைக்கும் தனிச் சேவை இருக்கிறது. பராமரிக்க ஒரு குழு இருந்தால் அது மிகுந்த ஆற்றல் உடையதுதான். தனி ஆளுக்கு அது கட்டுப்படியாகாது. கிளவுட்ஸ்டாக்கை உருவாக்கிய கிளவுட்.காம் நிறுவனத்தைச் சிட்ரிக்ஸ் 2011-இல் வாங்கி, மறு ஆண்டே அந்த மென்பொருளை அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டது. ஜாவாவில் எழுதப்பட்ட ஒரு மேலாண்மை சர்வர், அதற்குப் பின்னால் ஒரு மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், வி.எம்.கள் ஓடும் சர்வரான ஒவ்வொரு ஹோஸ்டிலும் அதன் கட்டளைகளை நிறைவேற்ற ஒரு ஏஜென்ட் என்ற அளவில், லினக்ஸில் வி.எம்.களை ஓட்டும் கே.வி.எம். வசதியைப் பயன்படுத்துபவருக்கு அதன் அமைப்பு அடங்கிவிடுகிறது. தனி ஆளுக்கு இதுதான் பொருத்தம் என்ற அன்றைய முடிவில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

நிறுவுவதில் சிரமம் ஒன்றும் இருக்கவில்லை. உபுண்டுவில் சில கட்டளைகளைக் கொடுத்து, தரவுத்தளத்தை உருவாக்கி, உலாவியில் 8080 என்ற போர்ட்டைத் திறந்தால் அழகான திரை வந்து நிற்கிறது. பாதி வேலை முடிந்துவிட்டது என்று நம்பிக்கொண்டு அன்று வீட்டுக்குப் போனேன். சிரமம் எல்லாம் அதற்குப் பிறகுதான். பழைய வணிக மென்பொருளை நான் பயன்படுத்திய விதத்தில், அது நான் சொன்னதை மட்டும் செய்தது. கிளவுட்ஸ்டாக் தானாகவே வி.எம்.களை எழுப்புகிறது, ஐபி முகவரிகளை எடுத்துக்கொள்கிறது, அழிக்கச் சொன்னதை அழிக்காமல் வைத்திருக்கிறது, இடம் இருக்கும்போதே இல்லை என்கிறது, தேவை என்று கருதினால் சர்வரையே மறுதொடக்கம் செய்துவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் உண்டு. காரணம் தெரியாத வரையில் ஒவ்வொன்றும் பழுதாகவே தெரியும். எனக்கு ஏற்பட்ட இழப்பு அனேகமாக முழுவதுமே, சரியாக வேலை செய்துகொண்டிருந்த ஒன்றைப் பழுது என்று எண்ணித் துரத்தியதால் வந்தது.

முதல் தடங்கல் பிணையத்தில் வந்தது. கிளவுட்ஸ்டாக்கில் சோன் என்பது பெரிய வட்டம். அதற்குள் பாட் எனப்படும் பிரிவு, அந்தப் பிரிவுக்குள் கிளஸ்டர், கிளஸ்டருக்குள் ஹோஸ்ட். வி.எம்.களின் வட்டுகள் இருக்கும் முதன்மைச் சேமிப்பகத்தைக் கிளஸ்டருக்கோ சோனுக்கோ இணைக்கலாம்; புதிய வி.எம்.களுக்கு அச்சாக இருக்கும் டெம்ப்ளேட்டுகளும், நிறுவல் வட்டின் நகலான ஐஎஸ்ஓ கோப்புகளும், வட்டுகளின் குறித்த நேரத்துப் படிகளான ஸ்னாப்ஷாட்டுகளும் இருக்கும் இரண்டாம் நிலைச் சேமிப்பகம் சோனுக்கு உரியது. சோனை உருவாக்கும் திரை, மேலாண்மை, பொது, விருந்தினர் (அதாவது பயனர்களின் வி.எம்.கள்), சேமிப்பு என்ற நான்கு வகைப் போக்குவரத்தும் எந்தப் பாலம் (நெட்வொர்க் கார்டை வி.எம்.களோடு இணைக்கும் மென்பொருள் ஸ்விட்ச்) வழியாகப் போக வேண்டும், விருந்தினர் பிணையங்களுக்கு எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை வீலேன் (ஒரே ஸ்விட்சுக்குள் எண்ணிட்டுப் பிரிக்கப்படும் தனிப் பிணையம்) கொடுக்க வேண்டும் என்று கேட்கும். அந்த எண்கள் அனைத்தும் உங்கள் ஸ்விட்சில் ஹோஸ்டுகள் செருகப்பட்டிருக்கும் ஒவ்வொரு போர்ட்டிலும் டிரங்க் முறையில், அதாவது ஒரே இணைப்பில் பல வீலேன்கள் போகும்படி, அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் இருந்தது வீலேன் அமைக்கவே இயலாத சாதாரண ஸ்விட்ச். ஒரே ஹோஸ்ட் இருந்தவரை எல்லாம் ஓடியது. இரண்டாவது ஹோஸ்டைச் சேர்த்த பிறகுதான், ஒரு ஹோஸ்டில் இருக்கும் வி.எம். மற்றதில் இருக்கும் விர்ச்சுவல் ரவுட்டரை (பிணையத்துக்கு ரவுட்டராக வேலை செய்து ஐபி முகவரி வழங்கும், கிளவுட்ஸ்டாக்கே எழுப்பும் வி.எம்.) எட்ட முடியாமல் ஐபி முகவரியே கிடைக்காமல் நின்றது. சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், வீலேன் அமைக்கத்தக்க ஸ்விட்ச் ஒன்றைப் பழைய பொருளாக வாங்கி வந்தேன். ஆகவே மென்பொருளைத் தொடும் முன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, எந்தப் போக்குவரத்து எந்தக் கார்டில், எந்தப் பாலத்தில், எந்த வீலேனில், எந்த ஐபி வரம்பில் என்று எழுதி முடித்துவிடுங்கள். சோனை ஒருமுறை உருவாக்கி உள்ளே வி.எம்.கள் வந்த பிறகு இவற்றை மாற்றுவது புதிதாக நிறுவுவதைவிடக் கடினம்.

பொது ஐபி விஷயத்திலும் பணம் போயிற்று. இணைய இணைப்பு வழங்குநரிடம் எட்டு முகவரிகள் கொண்ட தொகுப்பு ஒன்றை மாத வாடகைக்கு எடுத்து, அதையே பொது வரம்பாகக் கொடுத்தேன். எட்டில் இரண்டு பிணையத்துக்கே உரியவை, ஒன்று கேட்வேக்குப் போகும், மீதம் ஐந்து. சோனைச் செயல்படுத்திய உடனே கிளவுட்ஸ்டாக் தன்னுடைய இரண்டு சிஸ்டம் வி.எம்.களுக்கு இரண்டை எடுத்துக்கொண்டது. பிறகு தனிமைப்படுத்தப்பட்ட பிணையம் ஒவ்வொன்றின் விர்ச்சுவல் ரவுட்டரும் தலைக்கு ஒன்றை எடுத்தது. மூன்று குழுக்களுக்குப் பிணையம் போட்டதும் கையிருப்பு தீர்ந்தது. இன்னொரு தொகுப்பையும் வாடகைக்கு எடுத்துச் சில மாதம் கட்டணம் கட்டிய பிறகுதான், ‘பொது’ என்ற பெயர் இருந்தாலும் அந்த முகவரிகள் உண்மையிலேயே இணையத்தில் தெரிய வேண்டியதில்லை என்பது உறைத்தது. அலுவலகத்துக்குள் மட்டும் பயன்படும் அமைப்புக்குத் தனிப்பட்ட முகவரி வரம்பு ஒன்றைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, வெளியே தெரிய வேண்டிய ஓரிரண்டை மட்டும் ஃபயர்வாலில் திருப்பிவிட்டால் போதும்.

அந்த இரண்டு சிஸ்டம் வி.எம்.களைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். ஒன்று இரண்டாம் நிலைச் சேமிப்பகத்தைக் கவனிப்பது. டெம்ப்ளேட்டுகளைப் பதிவிறக்குவதும் நகலெடுப்பதும் அதன் வேலை. மற்றது வி.எம்.களின் திரையை உலாவியில் காட்டும் கன்சோல் பிராக்ஸி. இவை உயிரோடு மேலாண்மை சர்வருடன் பேசாத வரையில் வேறு எதையும் தொடுவதில் பயனில்லை. என் திரையில் இரண்டும் ‘ஓடுகிறது’ என்ற நிலையில் இருந்தன. ஆனால் பக்கத்தில் இருக்கும் ஏஜென்ட் நிலை பச்சையாகவே இல்லை, டெம்ப்ளேட் எதுவும் இறங்கவும் இல்லை. மேலாண்மை சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் இருந்ததும், உலகளாவிய அமைப்புகளில் ‘ஹோஸ்ட்’ என்ற வரியில் அலுவலகப் பக்கத்து முகவரி பதிவாகியிருந்ததும்தான் காரணம். சிஸ்டம் வி.எம்.கள் அந்த முகவரியின் 8250 போர்ட்டைத் தேடிப் போய்க் கதவு திறக்காமல் நின்றிருக்கின்றன. அந்த வரியில் மேலாண்மைப் பிணையத்தின் முகவரியை எழுதி, மேலாண்மை சேவையை மறுதொடக்கம் செய்து, சிஸ்டம் வி.எம்.களை அழித்தேன், அழித்தால் கிளவுட்ஸ்டாக் தானே புதியவற்றை எழுப்பிக்கொள்ளும், அஞ்ச வேண்டாம். இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. சேமிப்பகத்துக்கான சிஸ்டம் வி.எம்.முக்குள் நுழைந்து அங்கே ஏற்கெனவே வைக்கப்பட்டிருக்கும் பரிசோதனை ஸ்கிரிப்டை ஓட்டினால், பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றும் டிஎன்எஸ் கிடைக்கிறதா, பிணையம் வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்.எஃப்.எஸ். சேமிப்பகம் இணைந்திருக்கிறதா, மேலாண்மை சர்வர் எட்டுகிறதா என்று வரிசையாகச் சொல்லிவிடும். கே.வி.எம். ஹோஸ்டிலிருந்து 3922 போர்ட் வழியாக, கிளவுட்ஸ்டாக் வைத்திருக்கும் சாவிக் கோப்பைக் கொண்டு உள்ளே நுழையலாம். அந்த ஸ்கிரிப்டு இருப்பது தெரியாமல் ஃபயர்வால் விதிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிய நாட்களை நினைத்தால் இப்போதும் ஆயாசமாக இருக்கிறது.

சில சிறிய தடைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் உள்பிணையத்தில் இருக்கும் வலை சர்வரிலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை இறக்கச் சொன்னால் கிளவுட்ஸ்டாக் மறுத்துவிடும்; அனுமதிக்கப்பட்ட உள்தளங்களின் பட்டியலை உலகளாவிய அமைப்புகளில் நிரப்ப வேண்டும். உபுண்டு ஹோஸ்டில் ரூட் பயனர் கடவுச்சொல்லைக் கொண்டு, தொலைவிலிருந்து கட்டளையிட உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைவது இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கும்; அதைச் சீர்செய்யாமல் திரையில் ரூட் கடவுச்சொல்லைக் கொடுத்து ஹோஸ்டைச் சேர்க்க முடியாது. ஹோஸ்டில் வி.எம்.களை நிர்வகிக்கும் லிப்விர்ட் என்ற மென்பொருள் தொடர்பான சாக்கெட் சேவைகளை முடக்கச் சொல்லும் வரிகளை ஆவணத்தில் கண்டால் தாண்டிப் போகாதீர்கள். சிஸ்டம் வி.எம். டெம்ப்ளேட்டைக் கைப்பட இறக்கி வைக்கச் சொல்லும் பழைய வழிகாட்டிகள் பல இன்னும் உலவுகின்றன, 4.16 பதிப்பிலிருந்து அது மென்பொருள் தொகுப்போடு சேர்ந்தே வருகிறது. படிக்கும் வழிகாட்டி எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று பார்த்த பிறகே கட்டளைகளைப் பின்பற்றுங்கள்.

நிரலாளர்கள் உள்ளே வந்த பிறகு அடுத்த கட்டம் தொடங்கியது. ஒருநாள் காலையில் யாருக்கும் புதிய வி.எம். உருவாகவில்லை. போதிய கொள்ளளவு இல்லை என்ற பிழை வந்தது. சேமிப்பக சர்வரில் நேரடியாகப் பார்த்தால் ஏராளமான இடம் காலியாக இருந்தது. கிளவுட்ஸ்டாக் உண்மையில் எவ்வளவு பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்பதோடு எவ்வளவு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் கணக்கிடுகிறது. ஒதுக்கீடு 85 விழுக்காட்டைத் தாண்டினால் அந்தச் சேமிப்பகத்தில் புதிய வட்டு எதையும் வைக்காது. சிபியு, நினைவகம் ஆகியவற்றின் ஒதுக்கீட்டுக்கும் கிளஸ்டர் அளவில் இதே 85-தான் இயல்பு வரம்பு. சரி, பயன்படாதவற்றை அழித்துவிடலாம் என்று ஒரு கூட்டம் வி.எம்.களை அழிக்கச் சொன்னேன். எண்ணிக்கை குறைந்தது, ஒதுக்கீடு குறையவில்லை. கிளவுட்ஸ்டாக்கில் அழித்தல் இரண்டு படிகளில் நடக்கிறது. அழிக்கச் சொன்ன வி.எம். மீட்கத்தக்க நிலையில் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பு 86,400 விநாடிகள், அதைத் துடைத்தெடுக்கும் வேலை ஓடும் இடைவெளியும் 86,400 விநாடிகள். ஆகவே வட்டு உண்மையில் விடுபட ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் வரை ஆகலாம். அவசரமென்றால் அழிக்கும்போதே முழுமையாக நீக்கும்படி நிர்வாகி குறியிடலாம். அந்தக் காலத்தை நிரந்தரமாகக் குறைத்துவிடலாமா என்று எனக்கும் தோன்றியது. தவறுதலாக அழித்த வி.எம்.மைத் திருப்பிக் கேட்டு ஒரு நிரலாளர் வந்து நின்ற நாளுக்குப் பிறகு அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

இனி, என் உறக்கத்தைக் கெடுத்த விஷயத்துக்கு வருகிறேன். ஹோஸ்டுகள் இரவில் தாமாகவே மறுதொடக்கம் ஆகத் தொடங்கின. ஒன்றல்ல, சில இரவுகளில் எல்லாமே. காலையில் வந்து பார்த்தால் வி.எம்.கள் கீழே கிடக்கும், நிரலாளர்கள் வரிசையாக என் மேசைக்கு வருவார்கள். லாக் கோப்புகளில் முறையாக மூடப்பட்டதற்கான அடையாளமே இல்லை. மின்சாரத்தைப் பிடுங்கியது போல எழுத்து பாதியில் நின்று, அடுத்த வரியில் இயந்திரம் புதிதாக எழுந்திருந்தது. யாராக இருந்தாலும் பவர் சப்ளையைத்தான் சந்தேகிப்பார்கள். எல்லா ஹோஸ்டுகளுக்கும் புதிய பவர் சப்ளை வாங்கினேன். யுபிஎஸ் நிறுவனத்தின் ஆளை வரவழைத்துப் பேட்டரிகளைச் சோதிக்கச் செய்தேன். நினைவகத் துண்டுகளைக் கழற்றித் துடைத்து மாட்டி இரவு முழுவதும் பரிசோதனை ஓட்டினேன். சுமார் இருபத்தைந்தாயிரம் ரூபாய் இதிலேயே போயிற்று. “இலவச மென்பொருள் என்றுதானே சொன்னீங்க தம்பி, பில்லு மட்டும் வாராவாரம் வருதே” என்று இயக்குநர் சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்பு எனக்குச் சிரிப்பாகத் தெரியவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கட்டத்தில் யோசித்தேன்.

விடை கணினியின் பொது லாகில் ஒரே வரியில் இருந்தது. சேமிப்பகத்தில் இதயத்துடிப்பை எழுத முடியாததால் கணினியை மறுதொடக்கம் செய்யப் போவதாக ஒரு கிளவுட்ஸ்டாக் ஸ்கிரிப்டு எழுதிவிட்டுப் போயிருந்தது. முதன்மைச் சேமிப்பகம் என்.எஃப்.எஸ். ஆக இருந்தால், ஒவ்வொரு கே.வி.எம். ஹோஸ்டும் அதில் கே.வி.எம்.ஹெச்.ஏ. என்ற கோப்புறையில் தனக்கான கோப்பில், குறிப்பிட்ட இடைவெளியில், தான் உயிரோடு இருப்பதாக நேரத்தை எழுதிக்கொண்டே இருக்கும். பலமுறை முயன்றும் எழுத முடியாவிட்டால், ஏஜென்ட் அந்த ஹோஸ்டை உடனடியாக, எதையும் மூடாமல், மறுதொடக்கம் செய்துவிடும். கொடூரமாகத் தோன்றினாலும் காரணம் சரியானது. ஒரு ஹோஸ்ட் பிணையத்திலிருந்து துண்டிக்கப்பட்டால், அது செத்துவிட்டது என்று கருதி மேலாண்மை சர்வர் அதன் வி.எம்.களை வேறு ஹோஸ்டில் எழுப்பக்கூடும். பழைய ஹோஸ்ட் உண்மையில் சாகாமல் இருந்தால், ஒரே வட்டில் இரண்டு இடத்திலிருந்து எழுத்து விழும். ஒரே குழம்பில் இருவர் தனித்தனியே உப்புப் போட்ட கதையாக, தரவு மீட்க முடியாமல் கெட்டுவிடும். அதைத் தடுக்கவே, சேமிப்பகத்தைத் தொட முடியாத ஹோஸ்ட் தன்னைத்தானே வீழ்த்திக்கொள்கிறது. எங்கள் இடத்தில் நடந்தது, நள்ளிரவில் தொடங்கும் பேக்கப் வேலை, சேமிப்பகத்துக்குப் போகும் அதே ஒரு கிகாபிட் இணைப்பை முழுவதுமாக அடைத்துக்கொண்டதுதான். ஹோஸ்டுகள் எழுத முயன்றன, வழி கிடைக்கவில்லை, எல்லாம் சேர்ந்து விழுந்தன.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டவற்றை விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் சிறிய அமைப்புகளில் இது எளிதில் நேரக்கூடியது. சேமிப்புப் போக்குவரத்துக்குத் தனிக் கார்டும் தனி ஸ்விட்சும் கொடுங்கள். பத்து கிகாபிட் கார்டுகள் பழைய பொருள் சந்தையில் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கின்றன, பவர் சப்ளைக்குக் கொட்டிய பணத்துக்குள் எனக்கு இது முடிந்திருக்கும். பேக்கப் அந்த வழியில் போகக் கூடாது. போயே ஆக வேண்டுமென்றால் அதன் வேகத்துக்கு வரம்பு வையுங்கள். சேமிப்பக சர்வரைப் பராமரிப்புக்காக நிறுத்தப் போகிறீர்கள் என்றால், முதலில் வி.எம்.களை நிறுத்தி, அந்தச் சேமிப்பகத்தைக் கிளவுட்ஸ்டாக்கிலேயே பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோங்கள். அப்படிச் செய்யாமல் என்.எஃப்.எஸ். சர்வரைச் சும்மா மறுதொடக்கம் செய்வது, எல்லா ஹோஸ்டுகளின் பொத்தானையும் அழுத்துவதற்குச் சமம். இந்தத் தானியங்கி மறுதொடக்கத்தை நிறுத்தும் வரி ஒன்றை ஏஜென்டின் அமைப்புக் கோப்பில் எழுதலாம் என்பதும் உண்மைதான். எழுத வேண்டாம் என்பதே என் கருத்து. எழுதினால், கெட்டுப்போன வட்டு ஒன்றோடு விழிக்கும் காலைக்கு நீங்கள்தான் பொறுப்பு.

எந்தப் பிழைக்கும் திரையில் வரும் வாக்கியத்தை நம்பி முடிவுக்கு வராதீர்கள். மேலாண்மை சர்வரின் லாக் கோப்பில் ஒவ்வொரு செயலும் ஒரு ஜாப் எண்ணோடு பதிவாகிறது. அந்த எண்ணைக் கிரெப் கட்டளையால் தேடினால், எந்த ஹோஸ்டைப் பரிசீலித்தது, எதை ஏன் தள்ளியது, கடைசியில் எங்கே நின்றது என்பது தொடர்ச்சியாக வந்துவிடும். பாதி விவரம் அங்கே, மீதி அந்த ஹோஸ்டின் ஏஜென்ட் லாகில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் படிக்கப் பழகிய பிறகுதான் எனக்கு இந்த மென்பொருளோடு பகை தீர்ந்தது.

பேக்கப் பற்றிப் பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. கிளவுட்ஸ்டாக்கின் அறிவு முழுவதும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இருக்கிறது; அது போனால், வட்டுகள் பத்திரமாக இருந்தும் எந்த வட்டு யாருடையது என்று தெரியாது. ஆகவே தரவுத்தளத்தை நாள்தோறும் நகலெடுப்பார்கள். ஆனால் அதில் உள்ள கடவுச்சொற்கள் மறையாக்கம் செய்யப்பட்டவை; அதற்கான சாவி மேலாண்மை சர்வரின் அமைப்புக் கோப்புறையில் தனியே இருக்கிறது. அந்தக் கோப்புறையையும் சேர்த்து நகலெடுக்காவிட்டால், தரவுத்தள நகலைக் கொண்டு புதிய சர்வரில் சேவையை எழுப்ப முடியாது. தரவுத்தளத்தை முதன்முதலில் உருவாக்கும்போது சாவிச் சொல் எதுவும் கொடுக்காவிட்டால் ‘பாஸ்வேர்ட்’ என்ற சொல்லையே அது சாவியாக வைத்துக்கொள்கிறது. முதல் நுழைவுக்கான நிர்வாகிக் கடவுச்சொல்லும் அதேதான். இரண்டையும் முதல் நாளே மாற்றிவிடுங்கள். இந்த நகலைக் கொண்டு வேறொரு கணினியில் மேலாண்மை சர்வரை எழுப்பிப் பார்க்க விரும்பினால், அந்தக் கணினி ஹோஸ்டுகளை எட்ட முடியாதபடி பிணையத்திலிருந்து துண்டித்து வையுங்கள். இல்லையெனில் ஒரே ஹோஸ்டுகளுக்கு இரண்டு மேலாளர்கள் கட்டளையிடத் தொடங்கிவிடுவார்கள்.

மின்வெட்டுக்குப் பிறகு எழுப்பும் வரிசையைச் சர்வர் அறையின் கதவிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். முதலில் ஸ்விட்சுகள், அடுத்து என்.எஃப்.எஸ். சேமிப்பகம், அது முழுமையாக எழுந்து கோப்புறைகளைக் காட்டும்வரை பொறுக்க வேண்டும். பிறகு மைஎஸ்கியூஎல், மேலாண்மை சேவை. அதன் பின் ஹோஸ்டுகள், ஒன்றன்பின் ஒன்றாக. இரண்டு சிஸ்டம் வி.எம்.களின் ஏஜென்ட் நிலையும் பச்சையான பிறகே விர்ச்சுவல் ரவுட்டர்களையும், அவை ஓடத் தொடங்கிய பிறகே மற்ற வி.எம்.களையும் பார்க்க வேண்டும். நிறுத்தும்போது இதே வரிசை தலைகீழாக.